பத்தொன்பதாம் குழி

கோட்டை மதிலுக்கு அங்கால, வாவிக் கரையில்
மாநகரசபை தந்த நாற்பது பேர்ச் காணி.
உடைந்த கொமோட், இறுகிய சீமெந்துப் பைகள்,
ஆளுயர நாயுண்ணிப் பற்றை.
அள்ளி முடிக்கவே ஆவணி போய்விட்டது.

பத்தொன்பது குழி. ஒவ்வொன்றும் இரண்டடி.
இங்கிலீஸ்காரன் கணக்கெழுதின ஏட்டில்
ஒரு பக்கத்தின் போட்டோக்கொப்பி
பொலித்தீன் உறையில், என் சட்டைப்பையில்.

பெயர். வயது. அடையாளம். உடையவர்.

காத்தி, முப்பது, இடது காது அறுந்தது.
வெள்ளையன், பதினொன்று, அடையாளம் இல்லை.
செத்தெம்பர் என்று ஒருவன்;
எந்தக் கப்பலில் இறக்கினார்களோ,
பெற்றவள் வைத்த பெயரை
ஏட்டுக்கு யாரும் சொல்லவில்லை.

கடைசி நிரலில் ஒரு பெயர்,
அதன் கீழ் எட்டு முறை 'மேற்படி'.
அது என் பூட்டனுக்குப் பூட்டன்.
போடியார் வீடு எது என்று
புதுத் தபால்காரன் இன்றைக்கும் விசாரிப்பது
அவர் பேரில்தான்.

கூட்டத்தில் இதைச் சொன்னபோது
பல்தசார் இருமினார்.
றசீனா ரீச்சர் மண்வெட்டியை நீட்டி
"அப்ப நீங்க வெட்டுங்க" என்றார்.
ஒன்பதும் நானே வெட்டினேன்.
கையில் கொப்புளம். அதை
ஒருவருக்கும் காட்ட முடியாது.

காத்திக்குக் கொக்கட்டி.
வெள்ளையனுக்கு நாவல், ஏறி விளையாடட்டும்.
செத்தெம்பருக்கு என்ன மரம் என்று இரண்டு கூட்டம்.
எங்கிருந்து வந்தாலென்ன,
இந்த மண்ணுக்குள்தானே கிடக்கிறான் என்று
வம்மி.

தில்லை:
வெட்டினால் பால் கண்ணில் தெறிக்கும்,
அதனால் யாரும் கை வைக்காத மரம்.
பதினாலு வயதுப் பெண்ணொருத்திக்கு வைத்தோம்.
ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

பெயர்ப்பலகை எழுத இருந்த மாலை
கச்சேரியில் வேலை செய்யும் சாந்தமலர் வந்தாள்.
"மரம் வையுங்க. பேர் எழுதாதீங்க.
அதில ரெண்டு பேர் எங்கட வீட்டாக்கள்.
மகளுக்கு இப்பதான் கலியாணம் பேசுறம்.
ஆயிரத்தெண்ணூத்தி நாப்பத்தினாலில
விடுதலையெண்டு எழுதினாங்களாம்.
தரகருக்கு அந்தக் கடுதாசி
இன்னும் கிடைக்கல்ல."

பலகைகள் வெறுமையாய் நின்றன
பல்தசாரின் பட்டறையில்.
மறுகா ஒன்றை எடுத்து
கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டார்.

பத்தொன்பதாவது வரி:
பொன்னி, இருபத்திரண்டு.
உடையவர்: மேற்படி.
குறிப்பு: ஓடிவிட்டாள்.

அவளுக்கு மரம் நட ஒருவருக்கும் மனம் வரவில்லை.
போனவளை இங்கேயே
வேர்பிடிக்க வைக்க நாங்கள் ஆர்?
குழியைத் திறந்தே விட்டோம்.

ஐப்பசி மழையில் அது நிறைந்தது.
சுகாதாரப் பரிசோதகர் நஜாத் குனிந்து பார்த்தார்.
"கூத்தன்பூச்சி. டெங்கு வரும்.
மூடுங்க, இல்லாட்டி வழக்கு."
எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு
மோட்டார்சைக்கிளில் தொங்கிய பையை அவிழ்த்தார்:
கப்பி மீன்.

"கப்பி இந்த ஊர் மீனில்லயே" என்றார் ரீச்சர்.
இந்த வேலிக்குள் இந்த ஊரினது மட்டும்;
அவர் சட்டம் போட்டால் போட்டதுதான்.
அடுத்த நாள் வாளியில் கொண்டுவந்தார்
உன்னிச்சைப் பக்கத்துப் பனையேறிக் கெண்டை,
ஐந்து.

கார்த்திகையில் ஓர் இரவு முழுக்க அடைமழை.
விடியப் போனேன்.
குழி தளம்பி நின்றது. மீன் இல்லை.
சேற்றில், வாய்க்கால் பக்கமாய்,
செவுளை ஊன்றி ஊன்றிப் போன கீறல்கள்.
ஒன்று பாதிவழியில் கிடந்தது,
எறும்பு மொய்த்து.
மற்ற நாலின் கீறல் தண்ணீர் வரைக்கும்.

திங்கட்கிழமை நஜாத் வந்தார், கொப்பியோடு.
"மீனெங்க?"
"ஓடிட்டு."

என்னைப் பார்த்தார். குழியைப் பார்த்தார்.
பேனையை இரண்டு தரம் உதறினார்.
பிறகு
நான் சொன்னதை அப்படியே எழுதினார்.